காற்று இருபத்துமூன்று

கீலா மலையடிவாரம்
ஏப்ரல் 16, 2023

ஃபிலிமோன் அண்ணாவுக்கு,

ஆறு தடவை போன் அடித்தேன். நீ எடுக்கவில்லை. நாளைக் காலையில் மலைமேல் போகிறோம், அங்கே சிக்னல் கிடையாது. அதனால்தான் கடிதம். கிழித்துப் போடுவதாக இருந்தாலும் ஒருமுறை படித்துவிட்டுக் கிழி.

அம்மா சொல்லியிருப்பாள். காடு பாதுகாக்கும் படை ஒன்றில் சேர்ந்துவிட்டேன். இருபத்தாறு வயதுக்குள் இருக்கிறவர்களை எடுக்கிறார்கள். ஆறு மாதம் வேலை, சம்பளம், கூடவே பயிற்சி. போன வருஷத் தீயில் எரிந்த காட்டில் நடைபாதைகளெல்லாம் மரம் விழுந்து அடைந்து கிடக்கின்றன. அதை அறுத்து வழி திறப்பதுதான் வேலை. பத்து நாள் மேலே கூடாரத்தில், நாலு நாள் கீழே. மலையில் அடிபட்டவனுக்கு முதலுதவி செய்யவும் கற்றுத் தருகிறார்கள். ஒழுங்காக முடித்தால் சான்றிதழ் உண்டு. அதை வைத்துத் தீயணைப்புக் குழுவுக்கு மனுப் போடலாம்.

உன்னிடம் சொல்லாமல் வந்தது தப்புதான். நான் கிளம்பும்போது நீ வயலில் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தாய். மண்வெட்டியை இடது கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாய்க்காலைத் தாண்டினாய். சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றேன். வந்து சொல்லியிருந்தால், ஏன் போகிறாய் என்று கேட்டிருப்பாய். மரம் அறுக்கும் மில்லில் ஆபீஸ் வேலையை விட்டபோதும் அதைத்தான் கேட்டாய். அன்றைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை.

கோபம் தணிந்தால் இரண்டு வரி எழுது. கடிதங்களைக் கோவேறு கழுதையில் சாமானோடு மேலே கொண்டுவந்து தருகிறார்கள்.

அதலீனா

*

ஓஹீத்தோ
ஏப்ரல் 29

அதலீனா,

இடது கையால எழுதறேன். புரியலன்னா விட்டுடு.

நீ போன மூணாம் நாள் கால்வாய் தூர் வாரற நாள். உனக்கு நல்லாத் தெரியும். வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோட நிக்கணும். போன ரெண்டு வருஷமும் நீ நின்ன. இந்த வருஷம் நான் நின்னேன். கால்வாய் மேஸ்திரி என் கையைப் பாத்துட்டு, "நீ கரையில உக்காரு, கணக்குல சேத்துக்கறேன்"னு சொன்னார். எல்லார் முன்னாடியும். நான் இறங்கித்தான் வெட்டினேன். மத்தியானத்துக்கெல்லாம் வலது கையில மிச்சமிருக்கற ரெண்டு விரலும் வீங்கிப்போச்சு. அம்மா உப்புத்தண்ணி வச்சுக் குடுத்தா.

இங்க நம்ம கால்வாய்ல ஆள் இல்ல. நீ எவனோ நடக்கறதுக்குப் பாதை வெட்டப் போயிட்ட. நல்லா வெட்டு.

ஏன் போனன்னு நான் கேக்கல. கேட்டாலும் சொல்லமாட்ட. மில்லை விட்டப்பவே பாத்தேன்.

ஃபிலிமோன்

*

மேல் முகாம்
மே 22

அண்ணா,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். தூர் வாரும் நாளை மறக்கவில்லை. படையில் சேரும் தேதியை என்னால் மாற்ற முடியவில்லை. இதைச் சாக்கு என்று நினைத்தால் நினைத்துக்கொள்.

இங்கே பத்துப் பேர். இந்தக் காட்டில் மோட்டார் ரம்பம் கூடாது என்று சட்டம். ஆளுயர ரம்பம், ஆளுக்கொரு முனை. இழுக்க மட்டும்தான் வேண்டும், தள்ளினால் வாள் வளைந்துகொள்ளும். முதல் வாரம் முழுக்கத் தள்ளிக்கொண்டே இருந்தேன். மறுமுனையில் வெர்லின். நவஹோ பழங்குடிப் பையன், இருபத்துநாலு வயது, சின்லேக்குப் பக்கம் வீடு. ஒருநாள் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு, "நீ என்ன, காரையா தள்ளி ஸ்டார்ட் பண்ற?" என்றான். அதற்கப்புறம் சரியாக வந்துவிட்டது. இப்போது நாங்கள் இரண்டு பேரும் இடுப்பளவு மரத்தை இருபது நிமிஷத்தில் அறுத்துவிடுகிறோம்.

எங்கள் தலைவி பெயர் ஹோலிஸ். இருபத்தெட்டு வயது. அதட்ட மாட்டாள், ஆனால் அவள் சொன்னால் எல்லோரும் கேட்போம். எனக்குக் கைநடுக்கம் இல்லை என்று காற்றளக்கும் கருவியை என்னிடம் கொடுத்திருக்கிறாள். எரிந்த மரங்கள் வேர் செத்து அப்படியே நிற்கும், லேசாகக் காற்றடித்தாலும் விழுந்துவிடும். காற்று மணிக்குப் பதினைந்து மைலைத் தாண்டினால் வேலையை நிறுத்திவிட்டு வெட்டவெளிக்குப் போய்விட வேண்டும். மணிக்கொரு தரம் நான் அளந்து சொல்ல வேண்டும். பருவம் முடிந்ததும் தீயணைப்புக் குழுவுக்கு என் பெயரை அவளே எழுதி அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாள். யாரும் என்னைப் பற்றி இப்படிச் சொன்னதில்லை.

கை வீக்கம் வற்றிவிட்டதா?

அதலீனா

*

ஓஹீத்தோ
ஜூன் 4

அதலீனா,

வீக்கம் போயிடுச்சு.

சிவப்பு மிளகாப் பொடி ஒரு பொட்டலம் அம்மா குடுத்தனுப்பறா. நீங்க திங்கற பீன்ஸ்ல உப்பே இருக்காதுன்னு அவளுக்கு எப்படியோ தெரிஞ்சிருக்கு. அந்த நவஹோ பையனுக்கும் குடு. ரொம்பக் குடுக்காத, அழுவான்.

மாடு ஒண்ணு கன்னு போட்டிருக்கு. பள்ளிக்கூடத்துல காவல் வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்க. போலாமான்னு பாக்கறேன். சாவிக்கொத்து தூக்க ரெண்டு விரல் போதும்.

இழுக்கற ரம்பம் நல்ல ரம்பம். மில்லுல இருந்தது அப்படியில்ல. ஆள் இருக்கானா இல்லையான்னு அதுக்குக் கவலையே கிடையாது. வாள் பக்கத்துல மட்டும் அசட்டையா இருக்காத.

ஃபிலிமோன்

*

அடிவாரம்
ஜூன் 19

அண்ணா,

அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டாதே.

பதினாலாம் தேதி மரம் விழுந்து வெர்லினுக்கு அடிபட்டுவிட்டது. உயிரோடு இருக்கிறான். இடுப்பெலும்பு மூன்று இடத்தில் உடைந்திருக்கிறது. எல் பாசோவில் ஆஸ்பத்திரியில் இருக்கிறான். எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

அன்று காலையிலிருந்தே காற்று. மழையால் நாங்கள் இரண்டு வாரம் பின்தங்கியிருந்தோம். பத்து மணிக்கு அளந்தேன். இருபத்துமூன்று. ஹோலிஸ் பக்கத்தில்தான் இருந்தாள், அவளிடம் வாய்விட்டுச் சொன்னேன். அவள் அண்ணாந்து மரங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு மரம்தான். முடிச்சிட்டு இறங்கிடலாம்" என்றாள். நான் கருவியைப் பையில் போட்டுவிட்டு ரம்பத்தைப் பிடித்துக்கொண்டேன். மறுத்துப் பேசவில்லை. அவள் சொன்னாளே என்று நினைத்தேன்.

பாதி அறுத்திருப்போம். வெர்லினுக்குப் பின்னால் நின்ற மரம் அடியோடு சாய்ந்தது. பெரிய சத்தம் கூடக் கேட்கவில்லை. மறுமுனையில் ரம்பத்தை இழுக்க ஆள் இல்லாததால்தான் நிமிர்ந்து பார்த்தேன்.

அதற்குப் பிறகு ஹோலிஸ் செய்ததெல்லாம் சரி. அதையும் சொல்ல வேண்டும். காற்று அடங்கி ஹெலிகாப்டர் வர நாலரை மணி நேரம். அத்தனை நேரமும் அவன் இடுப்பைத் துணியால் இறுக்கிப் பிடித்தபடி, தூங்கவிடாமல் பேசிக்கொண்டே இருந்தாள். அவன் பிழைத்தது அவளால்தான்.

மூன்றாம் நாள் என் கூடாரத்துக்கு வந்தாள். கையில் அறிக்கை. அதில் காற்று பதினொன்று என்று எழுதியிருந்தது. வெர்லின் நிற்கச் சொன்ன இடத்தில் நிற்கவில்லை என்றும் இருந்தது. மற்றவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள், அவர்கள் யாரும் கருவியைப் பார்க்கவில்லை. என் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

"அது வேர்லயே செத்த மரம். பதினொண்ணா இருந்தாலும் விழுந்திருக்கும்" என்றாள். "என் வேலைக்காக நான் கேக்கல. இது வெளிய போனா இந்தப் பருவமே நின்னுடும். எல்லாரும் மூட்டை கட்டணும். நீயும்தான்."

யோசிக்க நேரம் கேட்டிருக்கிறேன். ஜூலை பத்தாம் தேதி மேலிடத்திலிருந்து விசாரிக்க வருகிறார்கள். நிற்கக் கூடாத இடத்தில் நின்றான் என்று ஆகிவிட்டால் வெர்லின் சிகிச்சைக்கு அவனே பொறுப்பு. இங்கிருந்து அனுப்பிவிட்டால் எனக்குப் போக இடமில்லை. நான் என்ன செய்யட்டும்?

அதலீனா

*

ஓஹீத்தோ
ஜூன் 27

அதலீனா,

போடாத.

வேற எதுவும் எழுத வேணாம்னுதான் உக்காந்தேன். ஆனா நீ கேட்டிருக்க, அதனால எழுதறேன்.

என் விரல் போன அன்னிக்கு மில்லு ரம்பத்தோட வாளுக்கு மேல மூடி கிடையாது. மூடி உடைஞ்சு ரெண்டு மாசம் ஆச்சு. மில்லுல எல்லாருக்கும் தெரியும். அப்புறம் நஷ்டஈட்டுக் கேஸ்னு வந்தப்ப முதலாளியோட வக்கீல் ஒரு காகிதத்தைத் தூக்கிக் காட்டினான். மூடி சரியாத்தான் இருந்துச்சு, ஃபிலிமோன்தான் அவசரத்துல கழட்டிட்டான்னு ஆபீஸ்ல வேலை பாக்கற ஒருத்தரே எழுதிக் குடுத்திருக்காங்கன்னு சொன்னான். பேரைச் சொல்லல. நான் அங்கயே எழுந்து வந்துட்டேன். அதுக்கப்புறம் கேஸ் ஏது.

பேரைச் சொல்லணுமா என்ன? ஆபீஸ்ல இருந்தது நீயும் நிகனோரும். என் ஞானத்தகப்பன், ஞானஸ்நானத்தன்னிக்கு என்னைக் கையில வாங்கி நின்ன மனுஷன். சின்ன வயசுல என்னைக் குதிரை மேல ஏத்தி விட்டவர். கணக்கு எழுதற வேலைக்குப் பயந்து என்னை வித்துட்டார். மூணு வருஷம் அவர்கூட நான் பேசல. எதிர்ல வந்தா ரோட்டைத் தாண்டிப் போயிடுவேன். போன ஜனவரியில அவர் செத்தப்ப, பெட்டி தூக்க என்னைக் கூப்பிட்டு ஆள் அனுப்பினாங்க. போகல. நீயும் அம்மாவும் போனீங்க. நான் தொழுவத்துல உக்காந்து கோயில் மணி அடிக்கறதைக் கேட்டுட்டிருந்தேன்.

விரல் போனது கூடப் பரவாயில்ல. தெரிஞ்சவங்க பொய் எழுதினதுதான் இன்னும் உறுத்துது. அந்தப் பையனுக்கு அப்படி ஆக விடாத. வேலை போனா வீட்டுக்கு வா. வீடு இருக்கு.

ஃபிலிமோன்

*

அடிவாரம்
ஜூலை 6

அண்ணா,

வீடு இருக்கு என்று எழுதியிருக்கிறாய். இதைப் படித்தபிறகு அதை நீ திருப்பி எடுத்துக்கொள்ளலாம்.

அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டது நிகனோர் இல்லை. நான்.

நீ ஆஸ்பத்திரியில் இருந்த இரண்டாம் நாள் முதலாளி என்னை உள்ளே கூப்பிட்டார். காகிதத்தைத் தயாராக வைத்திருந்தார். கேஸ் நடந்தால் மில்லை மூடிவிடுவேன், நாற்பது குடும்பம் தெருவில் நிற்கும், உங்கள் அம்மாவும் இங்கேதானே சமைக்கிறாள் என்றார். அப்போது எனக்குப் பதினெட்டு வயது. இதெல்லாம் உண்மைதான். ஆனால் காரணம் இதெல்லாம் இல்லை. பயந்தேன், அவ்வளவுதான். மூடி உடைந்தது என்று நீ எழுதிக் கொடுத்த புகாரை டைப் அடித்ததே நான்தான். அது என் மேஜை இழுப்பறையில்தான் கிடந்தது. அதன்மேலேயே காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டேன்.

நீ நிகனோரைச் சந்தேகப்படுகிறாய் என்று எனக்கு முதல் மாதமே தெரியும். ஒவ்வொரு நாளும் சொல்ல நினைத்தேன். நாள் போகப் போகச் சொல்ல முடியாமல் போயிற்று. அவர் அடக்கத்தில், பெட்டி தூக்க ஒரு ஆள் குறைந்தபோது, யாரோ வெளியூர்க்காரரைப் பிடித்துவந்து நிறுத்தினார்கள். அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வீட்டுக்கு வந்து உனக்குச் சோறு போட்டேன். அப்போதும் சொல்லவில்லை. அந்த வீட்டில் உன் எதிரே உட்கார்ந்து என்னால் சாப்பிட முடியவில்லை. ஏன் போனேன் என்பதற்கு இதுதான் பதில்.

பத்தாம் தேதி என்ன சொல்வேன் என்று உனக்குச் சத்தியம் செய்து கொடுக்க மாட்டேன். என் சத்தியத்தை வைத்து நீ என்ன செய்வாய்?

அதலீனா

*

ஜூலை 14

இனிமே எழுதாத.

*

மேல் முகாம்
ஆகஸ்ட் 3

அண்ணா,

எழுதாதே என்று சொன்ன பிறகும் எழுதுகிறேன். இது உனக்குத் தெரிய வேண்டிய விஷயம், அதனால்தான். பதில் வேண்டாம்.

பத்தாம் தேதி விசாரணைக்கு மூன்று பேர் வந்தார்கள். ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார்கள். ஹோலிஸும் அதே அறையில்தான் இருந்தாள். காற்று எவ்வளவு என்று கேட்டார்கள். இருபத்துமூன்று என்றேன். சத்தமாகச் சொன்னாயா என்று கேட்டார்கள். சொன்னேன் என்றேன். பிறகு ஏன் ரம்பத்தைப் பிடித்தாய் என்று ஒரு அம்மாள் கேட்டார். ஹோலிஸ் சொன்னாள், நான் மறுக்கவில்லை என்றேன். வெர்லின் நிற்க வேண்டிய இடத்தில்தான் நின்றான் என்பதை எழுதிக் கொடுத்தேன். ஒரு தாளை வீணாக்கிவிட்டு மறுபடி எழுதினேன்.

ஹோலிஸை அன்றைக்கே போகச் சொல்லிவிட்டார்கள். மூட்டையை வண்டியில் ஏற்றிவிட்டு என்னைத் தேடி வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். "நீ சரியாத்தான் அளந்த. நான்தான் கேக்கல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

குழுவைக் கலைத்து வேறொரு குழுவோடு சேர்த்துவிட்டார்கள். மூன்று பேர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். மிச்சம் இருக்கிறவர்களில் என்னோடு பேசுகிறவர்கள் குறைவு. சாப்பாட்டு வரிசையில் டெக்சாஸ் பையன் ஒருவன், "காத்து மீட்டர் வந்துட்டா, வழிவிடுங்கப்பா" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். நான் தட்டோடு நகர்ந்துவிடுவேன். தீயணைப்புக் குழுவுக்கு என் பெயரை எழுதி அனுப்ப இனி ஆள் இல்லை. அக்டோபர் வரை இருந்து முடித்துவிடுவேன்.

வெர்லின் ஊன்றுகோலோடு நாலடி நடந்தானாம். அவன் அக்கா எழுதியிருக்கிறாள்.

இன்னொன்று. தொழிலாளர் இழப்பீட்டு அலுவலகத்துக்குப் போன வாரம் ஒரு கடிதம் போட்டேன். மூன்று வருஷத்துக்கு முன் நான் எழுதிக் கொடுத்தது பொய், மூடி உடைந்திருந்தது, புகாரை நானே டைப் அடித்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பொய் எழுதியதற்கு என்மேல் வழக்குப் போடுவார்களோ என்னவோ. போடட்டும். உன்னைக் கூப்பிட்டால் திகைக்காதே என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

அதலீனா

*

ஓஹீத்தோ
செப்டம்பர் 12

அதலீனா,

அம்மாகிட்ட நான்தான் சொன்னேன். மறைச்சு வைக்க எனக்குத் தெம்பில்ல. ரெண்டு நாள் அவ அடுப்பு பத்த வைக்கல. மூணாம் நாள் மில்லுக்குப் போய் இனிமே சமைக்க வரமாட்டேன்னு சொல்லிட்டு வந்துட்டா. உன் மேல கோபமா, முதலாளி மேல கோபமான்னு கேட்டேன். தெரியலன்னு சொன்னா. எனக்கும் அப்படித்தான்.

நிகனோர் வீட்டுக்குப் போனேன். மூணு தடவை வாசல் வரைக்கும் போய்த் திரும்பி, நாலாம் தடவைதான் கதவைத் தட்டினேன். எவுஃபேமியா அம்மா திறந்தா. நான் நின்னுகிட்டே சொன்னேன். உங்க வீட்டுக்காரர் மேல தப்பே இல்ல, நான்தான் தப்பா நினைச்சுட்டேன்னு. காகிதத்துல இருந்தது யார் பேருன்னும் சொன்னேன். அவ ஆச்சரியப்படவே இல்ல. உக்காரச் சொல்லி காபி வச்சா.

அவருக்கு முதல்லயே தெரியுமாம். அந்தக் காகிதத்தைக் கோப்புல சேத்ததே அவர்தானாம். சொல்லிடுங்களேன், பையன் உங்களைப் பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கறானேன்னு இவ எத்தனையோ தடவை கேட்டிருக்கா. "அந்தப் பொண்ணும் அவனும் ஒரே வீட்டுல இருக்கணும். என் மேலயே இருக்கட்டும்"னு சொல்லிட்டாராம்.

இதை உனக்குச் சொல்லாம விட்டுடலாம்னு ஒரு வாரம் யோசிச்சேன். அப்புறம், உன்னைக் காப்பாத்தினது போதும்னு தோணிச்சு. எனக்குத் தெரிஞ்சது உனக்கும் தெரியட்டும். எனக்கு எப்படி இருக்குன்னு உனக்கும் தெரியணும்.

கல்லறைக்குப் போனேன். அங்க என்ன பண்ணினேன்னு எழுதமாட்டேன்.

இழப்பீட்டு ஆபீஸ்லருந்து கடிதம் வந்திருக்கு. அக்டோபர் பதினெட்டு, சாண்டா ஃபேயில விசாரணை. நீ வரணும்னு போட்டிருக்கு. தூரமா இருக்கறதால எழுத்துலயே குடுத்தாலும் போதும்னும் போட்டிருக்கு. எழுத்துல வேணாம். ஒரு காகிதத்தால வந்ததுதான் இவ்வளவும். நேர்ல வா. நான் எதிர்ல உக்காந்திருப்பேன். அவங்களைப் பாத்துச் சொல்லாத, என்னைப் பாத்துச் சொல்லு. சொல்லி முடிச்சப்புறம் எனக்கு என்ன தோணும்னு இப்பவே சொல்ல முடியாது. மன்னிச்சுட்டேன்னு நினைச்சுகிட்டு வராத.

பதினேழாம் தேதி சாயங்காலம் நாலு மணிக்கு எஸ்பான்யோலாவுக்கு பஸ் வரும். நான் வண்டியோட நிப்பேன். பின்சீட்டுல வைக்கோல் இருக்கும், முன்னாடி உக்காரு. வீடு வர்ற வரைக்கும் எதுவும் பேசாத. நானும் பேசமாட்டேன். அம்மா சாப்பாடு வச்சிருப்பா.

ஃபிலிமோன்